கடற்கரையும் காயலான் கடையும்: லாரி பெக்கின் முகமூடிகள்

யூப்பிக் முகமூடிகள் பற்றி எடுத்து வைத்த குறிப்புகள் ரொம்ப நாளாக என்னிடம் கிடப்பில் கிடந்தன. எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. கப்பலில் போன முகமூடிகள், மிஷனரிகள், பாரிஸ் கவிஞர்கள், பெர்லின் அருங்காட்சியகம் என்று கதை பல திசையில் ஓடுகிறது. அப்புறம் ஒரு நாள் லாரி பெக் என்ற சிற்பியின் வேலைகளைப் படத்தில் பார்த்தேன். பளபளவென்று ஒரு காரின் வீல் கப். அதுதான் முகம். கூடவே டயர் ரப்பர், டீஸ்பூன், ரிவெட். தலைப்பில் "இனுவா" என்று ஒரு சொல். ஒரு விலங்குக்கு உள்ளே இருக்கும் ஆள் என்று ஏறக்குறையப் பொருள் சொல்லலாம்.

உண்மையைச் சொன்னால், முதலில் சிரிப்புதான் வந்தது. பழங்குடி மரபு என்றதும் நம் மனதில் மரம், இறகு, எலும்பு என்று ஒரு பட்டியல் ஓடும், இல்லையா? அதில் வீல் கப்புக்கு இடம் கிடையாது. ஆனால் பழைய குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்தபோது, பெக் செய்தது ஒன்றும் விளையாட்டு இல்லை என்று தோன்றியது. அவர் முன்னோர்கள் செய்ததில் முக்கியமான ஒன்றை அவர் அப்படியே தொடர்ந்திருக்கிறார். எதை என்று சொல்வதற்கு முன்னால் நாம் அலாஸ்கா வரை ஒரு தடவை போய் வர வேண்டும். வாங்க.

மரம் இல்லாத ஊரில் மர முகமூடி

அலாஸ்காவின் தென்மேற்கில் யூக்கான், குஸ்கோக்விம் என்று இரண்டு பெரிய ஆறுகள் பெரிங் கடலில் கலக்கின்றன. நடுவில் இருக்கும் கழிமுகச் சமவெளிதான் யூப்பிக் மக்களின் நாடு. யூப்பிக் என்ற பெயருக்கே "நிஜமான மனிதர்" என்று அர்த்தம். யுக் என்றால் மனிதர், பிக் என்றால் உண்மையான. வெளியார் வெகுகாலம் இவர்களையும் வடக்கே இருக்கும் இனுபியாக் மக்களையும் சேர்த்து எஸ்கிமோ என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். இரண்டு பேருக்கும் மொழி வேறு.

இந்தச் சமவெளியின் கடலோரத்தில் மரம் வளராது. புல், பாசி, குட்டை, சேறு, அப்புறம் வானம். அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கும் படகுச் சட்டத்துக்கும் கிண்ணத்துக்கும் முகமூடிக்கும் மரம் எங்கிருந்து வந்தது? ஆறு கொண்டு வந்து கொடுத்தது. உள்நாட்டுக் காடுகளில் கரை அரித்து விழும் ஸ்ப்ரூஸ் மரங்களை வசந்தகாலத்தில் பனி உருகி ஓடும் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளும். கடல் அதைத் திருப்பிக் கரையில் போடும். மக்கள் போய் எடுத்து வருவார்கள். எந்தக் கட்டை எதற்கு ஆகும் என்று பார்த்துப் பொறுக்குவதே ஒரு வித்தை.

அதாவது, இந்த மக்களின் மரக்கலை முழுவதும் ஒதுங்கிய பொருளில் செய்த கலை. கரைக்கு எது வந்ததோ அதுதான் மூலப்பொருள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

விலங்குக்குள் ஒரு ஆள்

யூப்பிக் நம்பிக்கையில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு "யுவா" உண்டு. "அதனுடைய ஆள்" என்பதுதான் சொல்லின் நேர்ப்பொருள். சீல், வால்ரஸ், சால்மன் மீன், வாத்து, எல்லாமே ஒருவகையில் ஆட்கள். வேடன் கொன்றான் என்பதைவிட, மரியாதையாக நடந்துகொண்ட வேடனிடம் விலங்கு தானே வந்து தன்னைக் கொடுத்தது என்று சொல்வதுதான் அவர்கள் பார்வைக்குப் பொருந்தும். அவமதித்தால் அடுத்த வருஷம் அது வராது. ஆதிகாலத்தில் விலங்குகள் தங்கள் மூக்கையோ அலகையோ முகமூடி மாதிரி மேலே தள்ளிவிட்டால் உள்ளே மனித முகம் தெரியும் என்று ஒரு கதை உண்டு. நிறைய முகமூடிகளின் அமைப்பு இந்தக் கதையில் இருந்துதான் புரிகிறது. சீலின் முதுகில் ஒரு சின்ன மனித முகம் செதுக்கியிருக்கும். பறவையின் உடம்புக்கு நடுவில் ஒரு முகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

குளிர்காலம்தான் சடங்குக் காலம். ஊர் நடுவில் கஸ்கிக் என்ற பெரிய பொதுவீடு இருக்கும். ஆண்கள் தங்குவதும் வேலை செய்வதும் நீராவிக் குளியல் போடுவதும் பையன்களுக்குப் பாடம் சொல்வதும் அங்கேதான். விழா என்றால் மொத்த ஊரும் அங்கே கூடும். பக்கத்து ஊர்க்காரர்களும் விருந்தாளியாக வருவார்கள். இப்படிப் பல விழாக்கள் இருந்தாலும் முகமூடிக்கு என்று பேர்போனது கெலெக். வரப்போகிற வேட்டைக்காலத்துக்கு விலங்குகளின் ஆவிகளை அழைத்து, "வாங்க, வந்து எங்களுக்கு இரை கொடுங்க" என்று வேண்டிக்கொள்கிற விழா.

அங்கல்குக் என்பவர் இவர்களுடைய மந்திரவாதி, மருத்துவர், பூசாரி எல்லாம். அவர் தன் பயணங்களில் கண்டதைச் சொல்வார். அவரே செதுக்குவார், இல்லையென்றால் கைவேலை தெரிந்த ஒருவரிடம் சொல்லிச் செதுக்க வைப்பார். ஒவ்வொரு முகமூடிக்கும் தனிக் கதை, தனிப் பாட்டு, தனி ஆட்டம். நிறைய முகமூடிகள் ஜோடியாகச் செய்யப்பட்டவை, இரண்டும் சேர்ந்து ஆடினால்தான் கதை முழுசாகும். நெப்செதாக் என்று ஒரு வகை உண்டு. வலிமையுள்ள அங்கல்குக்கின் முகத்தில் அது கட்டாமலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள்.

முகமூடியைச் சுற்றி மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து வளையங்கள் கட்டியிருப்பார்கள். வளையங்களில் இறகுகள், சின்னச் சின்ன மரத்துண்டுகள், கைகள், கால்கள், மீன்கள் செருகப்பட்டிருக்கும். ஆடுகிறவர் தலையை அசைத்தால் எல்லாம் சேர்ந்து அதிரும், சலசலக்கும். அந்த வளையத்துக்கு எல்லங்குவக் என்று பெயர். எல்லா என்றால் உலகம், வானிலை, உணர்வு என்று மூன்று பொருளும் உண்டு. (உடனே தமிழ் "எல்லா"வோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஒலி ஒற்றுமை மட்டும்தான்.) எல்லங்குவக் என்றால் உலகத்தின் மாதிரி. முகத்தைச் சுற்றி ஒரு குட்டிப் பிரபஞ்சம் என்று வைத்துக்கொள்ளலாம். சில முகமூடிகளில் வரும் கைகளுக்குக் கட்டைவிரல் இருக்காது, உள்ளங்கையில் ஓட்டை இருக்கும். எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளாத கை, இரை தப்பித்துப் பெருக வழி விடுகிற கை என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் இது.

விழா முடிந்ததும் அந்த முகமூடியை என்ன செய்தார்கள்? பெரும்பாலும் எரித்தார்கள், இல்லையென்றால் ஊருக்கு வெளியே போட்டு மக்க விட்டார்கள். அதன் வேலை அன்று இரவோடு முடிந்தது. அடுத்த குளிர்காலத்தில் புதுசாகக் கட்டை எடுத்துப் புதுசாகச் செதுக்குவார்கள். மரபு இருந்தது செய்கிற கையிலும் சொல்கிற கதையிலும்தான். செய்த பொருளைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இல்லை.

"ஒன்றுக்கும் உதவாததை வாங்குகிறவர்"

எரிக்க வேண்டிய முகமூடிகள் எப்படி உலகமெங்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின? இதற்கு இரண்டு வகை ஆட்கள் காரணம். ஒரு சாரார் முகமூடி வேண்டாம் என்றவர்கள். இன்னொரு சாரார் முகமூடி வேண்டும் என்றவர்கள்.

முதல் சாரார் மிஷனரிகள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையினர் முதலில் வந்தார்கள். 1867இல் அமெரிக்கா அலாஸ்காவை ரஷ்யாவிடம் இருந்து வாங்கிய பிறகு மொரேவியன் சபை 1885இல் குஸ்கோக்விம் கரையில் பெத்தேல் ஊரில் காலூன்றியது. யூக்கான் பக்கம் கத்தோலிக்கத் துறவிகள். இவர்களில் எல்லோரும் ஒரே அளவு கடுமை காட்டவில்லை. ஆனால் முகமூடி ஆட்டம் பேய் வழிபாடு என்று மொரேவியர்கள் உறுதியாக எதிர்த்தார்கள். அதோடு 1900இல் இன்ஃப்ளூயன்சாவும் தட்டம்மையும் சேர்ந்து மேற்கு அலாஸ்காவை வாரிக்கொண்டு போயின. முதியவர்களும் கைக்குழந்தைகளும் கூட்டமாகச் செத்தார்கள். பாட்டும் கதையும் தெரிந்தவர்கள் போனபின் முகமூடி செதுக்கினாலும் ஆட ஆள் வேண்டுமே? நோயைத் தடுக்க முடியாத அங்கல்குக் மேல் இருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

இரண்டாவது சாரார் சேகரிப்பாளர்கள். எட்வர்ட் வில்லியம் நெல்சன் 1877இல் செயின்ட் மைக்கேல் என்ற இடத்துக்கு அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பதிவாளராக வந்தார். 1881 வரை இருந்தார். வெப்பநிலையைக் குறித்த நேரம் போக, நாய்வண்டியில் ஊர் ஊராகப் போய் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகப் பொருள் வாங்கினார். மொத்தம் சுமார் 10,000 பொருட்கள். பழைய கரண்டி, உடைந்த ஈட்டி, ஆடி முடித்த முகமூடி என்று எதையும் விடவில்லை. ஊர்க்காரர்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: ஒன்றுக்கும் உதவாததை வாங்குகிறவர். பாருங்க, அவர்கள் கணக்கில் ஆடி முடித்த முகமூடி குப்பை. அதற்குக் காசு கொடுக்கிற ஒரு ஆள் வந்தது அவர்களுக்கு வேடிக்கை. நெல்சனின் பெரிய நூல் 1899இல் வெளிவந்தது, இன்றைக்கும் அதைத் தொடாமல் இந்தத் துறையில் எழுத முடியாது.

1882, 83இல் ஜேக்கப்சன் என்ற நார்வேக்காரர் பெர்லின் அருங்காட்சியகத்துக்காக வந்து அதேபோல் அள்ளிக்கொண்டு போனார். 1900களின் தொடக்கத்தில் ட்விட்செல் என்ற வியாபாரி பெத்தேல் பக்கத்தில் வாங்கிய பெரிய பெரிய முகமூடிகள் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹே என்ற பணக்காரரின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜோடியாகப் பிறந்த முகமூடிகள் பிரிந்து ஒன்று ஒரு நகரத்திலும் மற்றது இன்னொரு நகரத்திலும் மாட்டிக்கொண்டதும் இந்த ஓட்டத்தில்தான்.

கதை இங்கே முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் இருந்து தப்பி நியூயார்க் வந்த சர்ரியலிஸ்டுகளுக்கு இந்த முகமூடிகள் மேல் பித்துப் பிடித்தது. ஆந்த்ரே பிரெத்தோன், மாக்ஸ் எர்ன்ஸ்ட், என்ரிகோ டொனாட்டி போன்றவர்கள். மானுடவியலாளர் லெவி ஸ்ட்ராஸும் அந்த வட்டத்தில் இருந்தார். ஹே தன் சேகரிப்பில் இருந்து சிலவற்றை விற்க, கார்ல்பாக் என்ற பழம்பொருள் வியாபாரியின் கடை வழியாக அவை இவர்கள் கைக்கு வந்தன. அலாஸ்கா மேல் இவர்களுக்கு மோகம் புதுசு இல்லை. 1929இல் வெளிவந்த சர்ரியலிஸ்ட் உலக வரைபடம் ஒன்றில் அலாஸ்கா பூதாகரமாக வரையப்பட்டிருக்கும், அமெரிக்க ஐக்கிய நாடுகளே காணாமல் போயிருக்கும்! கனவில் கண்டதைச் செதுக்கிய கலை என்று இவர்கள் கொண்டாடினார்கள். டொனாட்டியிடம் இருந்த முகமூடி ஒன்று 2011இல் நியூயார்க்கில் 25 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. ஒரு இரவு ஆடிவிட்டு எரிக்கிற பொருளுக்கு.

சியாட்டிலில் ஒரு சிற்பி

இப்போது பெக்குக்கு வருவோம். லாரி பெக் 1938இல் சியாட்டிலில் பிறந்தார். ஒரு பக்கம் நார்வே வழி, இன்னொரு பக்கம் யூப்பிக் வழி. கழிமுகத்து ஊர் எதிலும் அவர் வளரவில்லை. நகரத்துப் பையன். 1960களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கலை படித்தார். அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்பிகளின் வழியில்தான் தொடங்கினார். உருவம் இல்லாத, அரூபமான பெரிய வேலைகள், பொது இடங்களில் வைக்கும் சிற்பங்கள்.

அன்றைய அமெரிக்கப் பொதுச்சிற்பம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்க. அரசுக் கட்டடம், பூங்கா, சதுக்கம் என்று எங்கும் பெரிய இரும்பு வடிவங்கள். கட்டடச் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் சியாட்டிலில் 1973இல் வந்தது. இந்த விஷயத்தில் அமெரிக்காவில் முன்னால் நின்ற நகரங்களில் அதுவும் ஒன்று. இப்படி வைக்கப்படும் சிற்பம் மழையையும் பனியையும் தாங்கிப் பல ஆண்டுகள் நிற்க வேண்டும். யாரும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது, எல்லோரும் பார்க்கலாம். அதே சமயம், வழியில் போகிறவரில் எத்தனை பேருக்கு அது என்ன சொல்கிறது என்று தெரியும்? பார்க்கிறவர்கள் நிறையப் பேர், ஆனால் கதை தெரிந்தவர் யாரும் இல்லை.

கஸ்கிக்கில் ஆடிய முகமூடியோடு இதை ஒப்பிட்டால் தலைகீழாக இருக்கிறது. அதுவும் பொதுக்கலைதான். பொது இடத்தில், மொத்த ஊர் முன்னால், ஊர் நன்மைக்காக. ஆனால் வாழ்வு ஒரு இரவு. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் பாட்டு தெரியும், கதை தெரியும், எந்த விலங்கை அழைக்கிறோம் என்று தெரியும். நம் காலத்துப் பொதுச்சிற்பத்துக்கு ஆயுசு கெட்டி, அர்த்தம் பலவீனம். அந்த முகமூடிக்கு ஆயுசு குறைவு, அர்த்தம் கெட்டி. பெக் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவர். பொது இடத்துக்கான வேலைகளைச் செய்துவந்தவர், பிற்பாடு தன் யூப்பிக் முன்னோர் செய்த முகமூடிகள் பக்கம் திரும்பினார்.

எங்கே போய்க் கற்றுக்கொள்வது? தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கத்தி பிடிக்கப் பழகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அருங்காட்சியகங்களும் நூல்களும்தான் நகரத்தில் இருந்தவருக்குத் திறந்திருந்த கதவு. அதாவது, நெல்சன் "ஒன்றுக்கும் உதவாதது" என்று வாங்கி அனுப்பியவை. இதற்கு ஒரு தடயம் அவர் தலைப்புகளிலேயே இருப்பதாக நினைக்கிறேன். விலங்கின் உள்ளிருக்கும் ஆளுக்கு யூப்பிக் மொழியில் யுவா என்று பார்த்தோம். பெக் பயன்படுத்தியது "இனுவா". அது வடக்கே இனுபியாக் மொழியின் வடிவம். நெல்சன் தன் நூலில் எழுதியதும் இனுவா என்றுதான். 1982இல் நெல்சன் சேகரிப்பை வைத்து ஸ்மித்சோனியன் நடத்திய பெரிய கண்காட்சிக்கும் இனுவா என்றுதான் பெயர். வாய்வழியாக வந்திருக்க வேண்டிய சொல் நூல்வழியாக வந்தால் இப்படித்தான் கொஞ்சம் திசை மாறி வரும். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஒரு மரபு எந்தப் பாதையில் சுற்றி வந்தது என்பதற்கு இது ஒரு தழும்பு.

வீல் கப் ஏன்?

பழைய முகமூடிகளைப் பார்த்து அதே மாதிரி மரத்தில் செதுக்கியிருக்கலாம். நல்ல விலைக்கும் போயிருக்கும். பழைய பாணியில் புதுப் பொருள் வாங்க ஆள் எப்போதும் உண்டு. பெக் அதைச் செய்யவில்லை. காயலான் கடைக்குப் போனார்.

இதற்கு அவர் சொன்ன காரணம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. நான் எஸ்கிமோதான், ஆனால் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கனும்கூட என்பது அவர் நிலைப்பாடு. என் முன்னோர்கள் கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகளையும் உடைந்த கப்பல்களின் துண்டுகளையும் பொறுக்கி வேலை செய்தார்கள், அந்தக் கடற்கரை எனக்கு இல்லை, ஆகவே நான் பழைய இரும்புக் கடைக்கும் குப்பைத் தொட்டிக்கும் தொழிற்சாலைக் கழிவுக்கும் போகிறேன் என்றார். வீல் கப், பனிக்கால டயர், ரிவெட் என்று தன் பொருட்களை அவரே வரிசைப்படுத்தியிருக்கிறார். இத்தனையும் வைத்துக்கொண்டு முன்னோர் செய்த அதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறேன் என்பது அவர் வாதம்.

முதலில் சொன்ன ஆற்றையும் கட்டையையும் இப்போது நினைத்துப் பாருங்க. யூப்பிக் செதுக்குநர் ஸ்ப்ரூஸ் மரத்தைப் புனிதம் என்று தேடி எடுக்கவில்லை. ஆறு அதைத்தான் கொண்டு வந்தது, அதனால் அதில் செய்தார். வெளி வியாபாரம் வந்தபிறகு கண்ணாடி மணி வந்தது, உலோகம் வந்தது. வந்ததை எல்லாம் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். சியாட்டில் நகரத்தில் ஆறு எதைக் கொண்டு வந்து ஒதுக்கும்? நெடுஞ்சாலைதான் அங்கே ஆறு. ஓரத்தில் கழன்று கிடக்கும் வீல் கப்தான் ஒதுங்கிய கட்டை.

வடிவத்திலும் இது ஏதோ கைக்கு வந்தபடி ஒட்டியது இல்லை. வீல் கப் வட்டமானது. வட்டத்துக்குள் வட்டம். பழைய முகமூடிகளின் முகமும் சுற்றியுள்ள எல்லங்குவக் வளையமும் வட்டம்தான். அதோடு வீல் கப் பளபளக்கிறது. முன்னால் நிற்கிறவரின் முகம் அதில் வளைந்து மங்கலாகத் தெரியும். விலங்கின் முகத்துக்குள் ஒரு மனித முகம்! செதுக்காமலே கிடைத்த யுவா. இதை அவர் நினைத்தே செய்தாரா என்று கேட்காதீர்கள், இது என் வாசிப்பு. ஆனால் இவ்வளவு பொருத்தமான பொருளை ஒரு சிற்பி தற்செயலாகப் பல தடவை எடுத்திருக்க மாட்டார்.

1982இல் அவர் செய்த வால்ரஸ் முகமூடிக்கு "ஊகர் உக் இனுவா" என்று பெயர். வால்ரஸின் உயிர் என்று பொருள். பெரிய விலங்கு, இரண்டு நீளத் தந்தங்கள், மீசை. கடலோர மக்களுக்கு இறைச்சி, தோல், எண்ணெய், தந்தம் எல்லாம் கொடுத்த விலங்கு. அதன் முகம் நகரத்துக் கழிவுப் பொருளில் எழுந்து நிற்கிறது. சிரிப்பு வருகிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அதுவும் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. பழைய முகமூடிகளிலேயே கோணல் வாய், பாதி சிரிப்பு பாதி அழுகை, கேலி முகம் எல்லாம் உண்டு. குளிர்கால விழாக்களில் ஊர் விழுந்து விழுந்து சிரித்த ஆட்டங்களும் இருந்தன. புனிதம் என்றால் உம்மென்று இருக்க வேண்டும் என்பது வேறு யாரோ போட்ட சட்டம்.

ஆனாலும் ஒரு கேள்வி

இங்கே நிறுத்தினால் பெக்கைப் பாராட்டி முடித்ததாக ஆகிவிடும். ஒரு கேள்வியை மறைத்துவிட்டதாகவும் ஆகும். அவருடைய முகமூடிகள் ஆடவில்லை. அவற்றுக்குப் பாட்டு கிடையாது. எந்த ஊரும் அவற்றை வைத்து வால்ரஸை அழைக்கவில்லை. விழா முடிந்து யாரும் அவற்றை எரிக்கவும் இல்லை, அவையும் சுவரில் மாட்டுகிற கலைப்பொருள் ஆகத்தான் போயின. அப்படியென்றால் மரபின் ஒரு பாதியைத்தான் அவர் எடுத்தார்: கிடைத்ததில் செய்வது. இன்னொரு பாதி, செய்ததை விட்டுவிடுவது, அவருக்குக் கிட்டவில்லை. கட்டைவிரல் இல்லாத அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதை அவர் மேல் குற்றமாகச் சுமத்த முடியுமா? எரிக்கலாம், அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு முழு ஊர் வேண்டும். கதை சொல்லக் கிழவர் வேண்டும், ஆடப் பையன்கள் வேண்டும், கஸ்கிக் வேண்டும். அந்த ஏற்பாட்டை உடைத்தவர்கள் வேறு யாரோ. தனி ஆளாக நகரத்தில் நிற்கிற ஒரு சிற்பி, இருக்கிற பாதியைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? எதையும் பிடித்து வைக்காத கை, நிறைய இருக்கும் காலத்துக் கை. பெக் 1994இல் இறந்தார்.

அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து நடந்ததைச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. 1996 ஜனவரியில் டோக்சூக் பே என்ற சின்ன யூப்பிக் ஊரில் ஒரு கண்காட்சி திறந்தது. யூப்பிக் பெரியவர்களும் மானுடவியலாளர் ஆன் ஃபீனப் ரியோர்டனும் சேர்ந்து செய்தது. "அகாயுலியரார்புத்" என்று பெயர், நாங்கள் வேண்டிக்கொள்ளும் முறை என்று பொருள் சொல்லலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் ஏறிய முகமூடிகள் விமானத்தில் திரும்பி வந்தன. பெரிய நகரத்தில் இல்லாமல் ஊரில் முதலில் திறக்க வேண்டும் என்பதில் பெரியவர்கள் உறுதியாக இருந்தார்கள். அந்த நேரத்தில் ஊரில் ஆட்ட விழாவும் நடந்தது. அதன்பிறகுதான் ஆங்கரேஜ், நியூயார்க், வாஷிங்டன், சியாட்டில் என்று கண்காட்சி பயணம் போனது. பிரிந்து கிடந்த ஜோடிகள் சில பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

1997இல் யூப்பிக் பெரியவர்கள் பெர்லினுக்கே போய் ஜேக்கப்சன் வாங்கிய பொருட்களை மூன்று வாரம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். பொருளைத் திருப்பிக் கொடு என்று கேட்க அவர்கள் போகவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தபோது அதன் கதை, அதன் பெயர், செய்யும் விதம் எல்லாம் நினைவில் வந்தன. அதைச் சொல்லிப் பதிவு செய்து ஊருக்கு எடுத்து வந்தார்கள். பொருள் பெர்லினிலேயே இருக்கட்டும், அறிவு வீட்டுக்கு வரட்டும் என்பது மாதிரி. ஆடி முடித்ததும் எரித்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இருந்து இது வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மரபு எப்போதும் அவர்களுக்குப் பொருளில் இருந்ததில்லை.

பெக்கின் வீல் கப்பையும் அந்தப் பெரியவர்களின் பெர்லின் பயணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் பொருளை மாற்றிப் பழக்கத்தைக் காப்பாற்றப் பார்த்தார். இன்னொரு பக்கம் பொருளை விட்டுவிட்டு அறிவை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது ஒரு இரவின் மிச்சம். அடுத்த இரவுக்கு வேண்டிய கட்டையை யாராவது போய்ப் பொறுக்கி வந்தாக வேண்டும், அது எந்தக் கரையில் ஒதுங்கியிருந்தாலும் சரி.

அடுத்த தடவை சாலை ஓரத்தில் கழன்று விழுந்த வீல் கப் ஒன்றைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அதில் தெரிகிற முகம் உங்களுடையதுதான். வால்ரஸ் மீசை மட்டும்தான் பாக்கி.